இடது முழங்கால்: போர்க்காயப் பதிப்பு

உலகத்தில் நீதி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைகிறவர்கள் தயவுசெய்து எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வரவும். லிஃப்ட் கிடையாது. இருந்தது, பழுதாகிவிட்டது. பழுது ஒன்பது ஆண்டுகளாகப் 'பரிசீலனையில்' இருக்கிறது.

எங்களுடையது 'முன்னாள் படைவீரர் உடற்குறை மதிப்பீட்டுக் குழு'. சண்டையில் கையோ காலோ அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு எத்தனை சதவீதம் குறை என்று அளந்து சொல்வது எங்கள் திருப்பணி. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை உண்டு, செயற்கை மூட்டு உண்டு. முப்பத்தொன்பது என்றால் எங்கள் நல்வாழ்த்துகள் உண்டு.

கால் போனவர்கள் வரும் அலுவலகத்துக்கு லிஃப்ட் இல்லையே என்று விவரம் தெரியாத சிலர் குறை சொல்கிறார்கள். யோசித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாடி ஏறி வந்துவிட்டவருக்குக் கால் நன்றாக இருக்கிறது என்பது வாசலிலேயே தெரிந்துவிடுகிறது. ஏற முடியாதவர் 'நேரில் வரவில்லை' என்று பதிவாகிறார். இவ்வளவு துல்லியமான கருவியை எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நான் இந்தக் குழுவின் குறிப்பெழுத்தர். பெரியவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், நான் முத்திரை குத்துவேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நாட்டுக்கு நான் ஆற்றிவரும் சேவை இது.

குழுவில் மூன்று பேர். தலைவர் எலும்பு மருத்துவர். காயம்பட்டவரைத் தன் நாற்காலியிலிருந்து எழாமலே ஆராய்ந்துவிடக் கூடியவர். "நட", "திரும்பு", "போ" என்ற மூன்று சொற்களில் அவருடைய பரிசோதனை முடிந்துவிடும். இரண்டாமவர் நிர்வாக உறுப்பினர். எதற்கும் விதி எண்ணும் உட்பிரிவும் சொல்வார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்றே பெயர். மூன்றாமவர் கண் டாக்டரம்மா. குழுவில் மனசாட்சி மாதிரி ஏதோ ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அது அலுவலக நேரத்தில் அதிகம் பேசாது.

நான் சொல்ல வந்தது ஒரு திங்கட்கிழமை நடந்தது.

அன்று காலை தலைவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க, படியேறி வந்தார். சாதாரணமாகத் தன் கைப்பையைக்கூட அவர் தூக்கமாட்டார். நடைவழி பெஞ்சில் பதினாலாம் எண் சீட்டோடு ஒரு முன்னாள் படைவீரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. தலைவரைப் பார்த்ததும் அவர் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து சல்யூட் வைக்க முயன்றார். எழுந்து முடிப்பதற்குள் தலைவர் உள்ளே போய்விட்டார்.

"மத்தியானம் வரைக்கும் யாரையும் உள்ள விடாதய்யா. அவசரக் கூட்டம்" என்றார் என்னிடம்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்தில் நடந்த முதல் அவசரக் கூட்டம் அது. நான் புதுப் பேனா எடுத்துக்கொண்டு போனேன்.

மேசை மேல் இருந்த கோப்புகளை எல்லாம் தரையில் இறக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தலைவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு அங்குல உயரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறக் கவசம், முதுகில் காற்றுக் குப்பி, தோளில் ஒரு விசித்திரத் துப்பாக்கி. இடது முழங்காலில் கவசம் கருகிப் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"சனிக்கோள் எல்லைப் படை" என்றார் தலைவர். "முப்பத்தோராம் நூற்றாண்டுப் போர். போர்க்காயப் பதிப்பு. உலகத்துலயே மொத்தம் ஐந்நூறு பேர்தான். இவர் இருநூத்திப் பதினொண்ணாவது ஆள்."

விஷயம் இதுதான். தலைவர் சேகரிப்பாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினர். முந்தின நாள் சங்கக் கூட்டத்தில் இவரை எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு பல் டாக்டர் இவரைக் கையில் வாங்கி, முழங்காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது போலி. மூட்டு மடங்கவே இல்லையே. பசை போட்டு ஒட்டியிருக்கான்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். சங்கச் செயலாளர் நடுநிலையோடு ஒரு வழி சொன்னார்: மூவர் குழு ஒன்று முறையாகப் பரிசோதித்து, அசல் என்று எழுத்தில் கொடுத்தால் சங்கம் ஏற்றுக்கொள்ளும். கெடு திங்கட்கிழமை மாலை.

"மூவர் குழுவுக்கு நான் எங்க போறது? கடவுளாப் பாத்து என்னையே ஒரு மூவர் குழுவுக்குத் தலைவராக்கி வச்சிருக்கான்!" என்றார் தலைவர்.

கண் டாக்டரம்மா தயங்கினார். "சார், இந்தப் பொம்மைக்கா நாம..."

தலைவரின் முகம் விழுந்துவிட்டது. பெற்ற பிள்ளையை யாரோ ஏசிய மாதிரி இருந்தது அவர் பார்வை.

"டாக்டரம்மா, அந்த வார்த்தை வேண்டாம். அது குழந்தைங்க வச்சு விளையாடறது. இவர் படைவீரர். இனிமே இந்த ரூம்ல யாரும் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது. குறிப்புலயும் வரக் கூடாது. எழுதிக்கய்யா!"

"எந்த வார்த்தை வரக் கூடாதுன்னு எழுதணும், சார்?" என்று கேட்டேன்.

"அதையும் எழுதாதய்யா!"

எழுதவில்லை. மேலதிகாரி சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

உட்பிரிவு தொண்டையைச் செருமினார். "விதி நாலு, உட்பிரிவு இ. மூணு உறுப்பினர் உக்காந்தா அது கூட்டம். எதைப் பத்திக் கூடணும்னு விதி சொல்லல. அதனால ஆட்சேபணை இல்ல."

பரிசோதனை தொடங்கியது. அதன் நேர்த்தியை வருணிக்க எனக்குத் திறமை போதாது. ஆனாலும் முயல்கிறேன். முதலில் எடை. பிறகு உயரம், காலணியோடும் காலணி இல்லாமலும். பிறகு முப்பத்து நான்கு மூட்டுகளும் ஒவ்வொன்றாக. தோள்பட்டையைத் தலைவர் இரண்டு விரல்களால் சுழற்றியபோது, "வலிக்காமப் பாத்துக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண் டாக்டரம்மா தன் சின்ன டார்ச்சால் படைவீரரின் கண்களில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "கருவிழி ரெண்டும் ஒரே அளவு" என்றார். உட்பிரிவு அதை எந்த விதியின் கீழ் சேர்ப்பது என்று தேடினார்.

முழங்காலுக்கு வந்தார்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. கோணமானி என்று பெயர். இரண்டு கைகளும் நடுவில் ஒரு வட்டமுமாக இருக்கும். எங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிக் காத்துவந்தோம். எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்ற பொறுப்புணர்ச்சிதான் காரணம். அன்று முதன்முறையாகத் தலைவர் சாவி கேட்டார்.

படைவீரரின் இடது முழங்கால் ஐம்பத்தைந்து பாகை வரை மடங்கியது. அதற்கு மேல் நகர மறுத்தது.

"பாத்தீங்களா, மடங்குது! அந்தப் பல்லுப் பிடுங்கி என்னமோ பசைன்னான்."

"ஆனா முழுசா மடங்கலையே, சார்" என்றார் டாக்டரம்மா.

"காயம் பட்ட காலு எப்படிம்மா முழுசா மடங்கும்? தயாரிச்சவங்களே சொல்லியிருக்காங்க, நிஜக் காயத்துல மடங்கற அளவுக்குத்தான் மடங்கும்னு."

"சரிங்க. நிஜக் காயத்துல எவ்வளவு மடங்கும்?"

தலைவர் உட்பிரிவைப் பார்த்தார். உட்பிரிவு விதிப் புத்தகத்தைப் பார்த்தார். விதிப் புத்தகம் யாரையும் பார்க்கவில்லை.

"பதினெட்டு வருஷமா நம்ம முன்னாடி எத்தனையோ முழங்கால் வந்து போயிருக்கு. ஒண்ணுகூட நாம அளந்ததில்ல, இல்ல?" என்றார் டாக்டரம்மா மெல்லிய குரலில்.

"அளக்க வேண்டிய அவசியம் வரல" என்றார் தலைவர்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், வெளிய பதினாலு இருக்கு. அதுக்கும் இடது முழங்கால்தான்."

எங்கள் அலுவலக வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வருகிறவர்களை எண்ணால் குறிப்பிடுவது மரபு. எண் அஃறிணை. அதனால் 'பதினாலு வந்திருக்கு', 'பதினாலு நிக்குது' என்று சொல்வதுதான் இலக்கணச் சுத்தம். மேசை மேல் நிற்பவர் உயர்திணை.

பதினாலின் கோப்பை எடுத்து நான் வாசித்தேன். அது எங்கள் அலுவலகத்தின் மகத்தான சாதனைகளில் ஒன்று. முதல் முறை இவர் சற்றே சாய்ந்து நடந்து வந்தபோது முப்பத்தெட்டு சதவீதம் கொடுத்திருந்தோம். இரண்டாம் முறை கைத்தடியோடு வந்தார். முப்பத்தாறு. மூன்றாம் முறை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பத்துமூன்று. மருந்து, மாத்திரை, கத்தி எதுவும் இல்லாமல் ஒரு முழங்காலை வெறும் கோப்பிலேயே குணப்படுத்திக்கொண்டு வந்திருந்தோம். கடைசிப் பக்கத்தில் 'நடிப்போ என ஐயம்' என்று தலைவர் சொல்லி நான் எழுதியிருந்தேன். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"கூப்பிடு, கூப்பிடு!" என்றார் தலைவர்.

பதினாலு உள்ளே வந்தது. மன்னிக்கவும், வந்தார். அறைக்குள் காலை வைத்ததும் வழக்கம்போல் "நட" என்று சொல்வார்கள் என்று நினைத்து நடக்கத் தொடங்கினார். தலைவர் பதறிப்போனார்.

"ஐயோ, நடக்காதீங்க! உக்காருங்க. இந்த நாற்காலில உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? ஒரு தலகாணி கொண்டாய்யா, காலுக்கு!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் போட்டிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு நாற்காலியைப் பார்த்ததும் பயம்தான் வந்திருக்கும். விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

தலைவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டார். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

"சொல்லுங்க. குண்டு எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

காயம் பட்டு எட்டு ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வியை யாரும் படைவீரரிடம் கேட்டதில்லை. மனைவி முழங்கையால் இடித்தார். "சொல்லுங்களேன், கேக்கறாங்கல்ல."

"குண்டு இல்ல சார். ஷெல் வெடிச்சு சிதறின துண்டு. பதுங்கு குழிலேருந்து மேல ஏறிக்கிட்டிருந்தேன். கீழ ஒருத்தன் இருந்தான், அவனுக்குக் கை கொடுக்கத் திரும்பினேன். அப்ப. மூணு துண்டு எடுத்தாங்க. ரெண்டு இன்னும் உள்ளயே இருக்கு."

"உள்ளயே இருக்கா!" தலைவர் மேசைப் பக்கம் திரும்பி, "இவருக்கும் உள்ள ஏதாவது வச்சிருப்பானோ? எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாமா?" என்றார்.

"அந்தக் கீழ இருந்தவர்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவன் மேல வரல, மேடம்."

தலைவர் கோணமானியை வைத்து அளந்தார். ஒரு முறை போதாதென்று இன்னொரு முறை. பக்கவாட்டிலிருந்து விளக்கு பிடிக்கச் சொன்னார். பூதக்கண்ணாடி கேட்டார். தழும்பின் நீளத்தை அளக்க நாடா இல்லாமல் போனபோது தையல்காரம்மா தன் கழுத்து நாடாவைக் கொடுத்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"சார், நீங்க நல்லா இருக்கணும். போன தடவ நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். இவரு ராத்திரில கால நீட்ட முடியாம சுவத்துல சாஞ்சே தூங்குறாரு, சார். அந்தக் கால நீங்க இப்படிப் பாக்கற நாள் வரும்னு நெனைக்கவே இல்ல."

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா, அளவு தவறிடும்" என்றார் தலைவர். பிறகு துள்ளி எழுந்தார். "ஐம்பத்தஞ்சு! இவருக்கும் ஐம்பத்தஞ்சு, அவருக்கும் ஐம்பத்தஞ்சு! அசல்! சுத்த அசல்!"

அப்போதுதான் தம்பதி இருவரும் 'அவர்' யார் என்று பார்த்தார்கள்.

படைவீரர் மேசைப் பக்கம் சாய்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கையை நீட்டி, "பாக்கலாமா, சார்?" என்று கேட்டார். தலைவர் இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாச் செஞ்சிருக்கான், சார். நிக்கிற நெலையப் பாருங்க. காயம் இடது பக்கம். உடம்பு கனத்த முழுக்க வலது கால்ல எறக்கியிருக்கான். இடது பாதம் சும்மா தொட்டுக்கிட்டிருக்கு, ஊணல. இடது தோள் கொஞ்சம் தூக்கியிருக்கு பாருங்க, வலி உள்ளவன் அப்படித்தான் நிப்பான். இதச் செஞ்சவன் காயம் பட்ட ஒருத்தனப் பக்கத்துல உக்காந்து நல்லாப் பாத்திருக்கான்."

"எழுதிக்கய்யா! நிபுணர் கருத்து!" என்று தலைவர் கத்தினார்.

அந்த முழங்காலைப் பற்றி அவர் சொன்னதை மூன்று பேரும் அப்படியே நம்பினார்கள். தன் முழங்காலைப் பற்றி எட்டு ஆண்டுகளாக அவர் சொன்னதுதான் 'ஐயத்துக்குரியது'. நிபுணர்களும் எல்லா விஷயத்திலும் நிபுணர்களாக இருந்துவிட முடியாதல்லவா?

சான்றிதழ் தயாரானது. அலுவலகத்தின் படிவம் ஒன்பதுதான், முத்திரைத் தலைப்போடு. வெறும் வெள்ளைத் தாளில் கொடுத்தால் பல் டாக்டர் சிரிப்பாராம். தலைவர் அறைக்குள் உலாவிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன்.

"பரிசோதிக்கப்பட்டவர்னு ஒரு எடம் இருக்கு, சார். என்ன போடறது?"

"படைவீரர்னு போடு. மரியாதையா 'ர்' போடு."

"வரிசை எண், சார்?"

"அதெல்லாம் என்னைக் கேக்காதய்யா. உன் ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதப் போடு."

என் ரிஜிஸ்டரில் அன்று உள்ளே அழைக்கப்பட்ட எண் பதினாலு. பதினாலு என்று போட்டேன்.

சான்றிதழின் வாசகம் பின்வருமாறு அமைந்தது: 'இப்படைவீரர் குழுவினரால் இரண்டு மணி நேரம் நேரில் பரிசோதிக்கப்பட்டார். இவரது இடது முழங்கால் ஐம்பத்தைந்து பாகைக்கு மேல் மடங்கவில்லை. காயம் போரில் ஏற்பட்டது என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. இவர் நிற்கும் நிலையே இவருடைய வலிக்குச் சாட்சி. இவர் அசல். இவரைப் போலி என்று கூறுவோர் கண்ணில்லாதவர்கள், அல்லது பொறாமைக்காரர்கள். மதிப்பீடு: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.' வலது காலணியில் ஓரிடத்தில் சாயம் பூசாமல் விட்டிருந்ததால் நான்கு குறைந்தது. அந்தச் சின்ன விஷயத்தைச் சான்றிதழில் எழுத வேண்டாம் என்று தலைவரே பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரம்மா போடுவதற்கு முன் முழுவதையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

"சார், அப்ப எங்களோடது?" என்று கேட்டார் தையல்காரம்மா.

உட்பிரிவு விளக்கினார். "அம்மா, இன்னிக்கு உங்க வீட்டுக்காரர உள்ள கூப்பிட்டது ஒப்பீட்டுக்கு. மதிப்பீட்டுக்கு இல்ல. ஒப்பீடு வேற, மதிப்பீடு வேற. மதிப்பீட்டு நேரம் முடிஞ்சுபோச்சு. விதி ஏழு, உட்பிரிவு ஊ. அடுத்த வருஷம் புதுசா மனு போடுங்க."

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குப் பழக்கமான வேலையாக இருந்திருக்கும். எழுந்து நின்று, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

"மேசை மேல நிக்கறவருக்கு மூணு பேர் உக்காந்து ரெண்டு மணி நேரம் பாத்தீங்க. பாத்தது சரிதான், சார், நான் ஒண்ணும் சொல்லல. எங்களுக்குத் தனியாப் பாக்க வேண்டாம். அவருக்கு எழுதினதுல ஒரு காப்பி கொடுங்க, போதும். எங்க வீட்டுக்காரர் காலப் பாத்து எழுதினதுன்னு வீட்டுல வச்சுக்கறேன். நான் அளவெடுத்த சீட்டைத் தொலைக்கறவ இல்ல."

தலைவர் நெகிழ்ந்துபோனார். வெற்றி பெற்றவருக்கு வரும் தாராளம் அது. "பாவம், ஆசப்படறாங்க. ஒரு பிரதி கொடுய்யா. நம்ம படைவீரருக்கு இவரும் ஒத்தாச பண்ணியிருக்காரே. முத்திரை போட்டே கொடு."

முத்திரை போட்டே கொடுத்தேன்.

அவர்கள் இறங்கிப் போனதை அன்று நான் மாடிக் கைப்பிடியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை. அவர் பின்பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். மனைவி அவருக்கு ஒரு படி கீழே நின்று, அவர் இடது பாதத்தைக் கையால் எடுத்து அடுத்த படியில் வைத்தார். மூன்று மாடி. காகிதத்தை அந்த அம்மாள் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். நான் என் மேசைக்குத் திரும்பி, படிவம் ஒன்பதின் ஒரு பிரதியை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை நினைவுகூர்ந்து, அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். உறையில் பதினாலின் கோப்பையும் சேர்த்து வைத்தேன். எண் ஒன்றுதானே.

சங்கத்திலிருந்து மறுநாளே தலைவருக்குப் பதில் வந்தது. 'தாங்கள் அனுப்பியது யாரோ ஒரு முன்னாள் படைவீரரின் மருத்துவச் சான்றிதழ். இதில் பொம்மை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உறை மாறிவிட்டது போலும். கெடு முடிந்துவிட்டதால் தங்கள் பொம்மை போலி எனப் பதிவு செய்யப்படுகிறது.' தலைவர் இரண்டு நாள் விடுப்பில் போனார். மூன்றாம் நாள் திரும்பியபோது கண் வீங்கியிருந்தது.

அவர் தேறி வருவதற்குள் மேலிடத்துக் கடிதமும் வந்துவிட்டது. அதை நான்தான் குழுவின் முன் வாசித்தேன். 'வரிசை எண் பதினாலு தொடர்பாகத் தாங்கள் அனுப்பிய மதிப்பீடு கிடைத்தது. மூட்டைப் பாகைக் கணக்கில் அளந்து, இரண்டு மணி நேரம் நேரில் பரிசோதித்து, நிற்கும் நிலையையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்ட இத்தகைய சான்றிதழை இதுவரை எந்தக் குழுவிடமிருந்தும் நாம் பெற்றதில்லை. தொண்ணூற்றாறு சதவீதம் ஏற்கப்பட்டு, உடனடியாக அறுவை சிகிச்சைக்கு ஆணையிடப்பட்டுள்ளது. தலைவருக்குப் பாராட்டுகள். இது மற்றக் குழுக்களுக்கு முன்மாதிரியாக அனுப்பிவைக்கப்படும்.'

தலைவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ரத்து பண்ணுங்க! உடனே ரத்து பண்ணுங்க! அது என் படைவீரருக்குக் கொடுத்தது!"

"பண்ணலாம், சார்" என்றார் உட்பிரிவு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "விதி இருபது. ரத்துக்குக் காரணம் எழுத்துல கொடுக்கணும். மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அலுவலக நேரத்துல, அலுவலகப் படிவத்துல, அலுவலகக் கருவியால, ரெண்டு மணி நேரம், நாம பரிசோதிச்சது ஒரு..."

"சொல்லாதய்யா அந்த வார்த்தைய!"

"அந்த வார்த்தைய எழுதாம ரத்து பண்ண முடியாது, சார்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இருமுகிறார் என்று நான் குறிப்பில் எழுதினேன்.

ரத்து செய்யப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரே சீரான சத்தம். அந்தப் படைவீரர். கைத்தடி இல்லை, மனைவியின் தோள் இல்லை. தையல்காரம்மா நான்கு படி பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்! என்னால முடியல" என்று அவர் சொன்னது இங்கே வரை கேட்டது. அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எங்கள் படிவங்களில் இடம் இல்லை.

படைவீரர் நேராகத் தலைவர் அறைக்குப் போனார். குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். இந்த முறை தலைவரால் தப்பிக்க முடியவில்லை. பாதி எழுந்து, பாதிக் கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டார்.

"நீங்க அன்னிக்கு என் காலத் தொட்டுப் பாத்தீங்களே, சார். அத மறக்க மாட்டேன்" என்றார் படைவீரர். கேலி துளியும் இல்லை. அதனால்தான் தலைவர் முகத்தில் அப்படி ரத்தம் ஏறியது.

அவர்கள் போனதும் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். எழுத்தில் விளக்கம் கேட்க முடியாதே, அதனால் வாயால் கேட்டார்.

"எல்லாம் உன் வேலைதான்னு எனக்குத் தெரியும். உண்மையச் சொல்லு. பொம்மைக்கு எழுதினத ஒரு மனுஷனுக்கு எடுத்துக் கொடுக்க உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

கைகட்டி நின்று, மேலதிகாரிக்குரிய மரியாதை சற்றும் குறையாமல் பதில் சொன்னேன்.

"இருபத்திரண்டு வருஷமா பொம்மைக்கு எழுத வேண்டியதத்தான் சார் மனுஷங்களுக்கு எழுதிக்கிட்டிருந்தேன். கையெழுத்து உங்களோடது, எழுத்து என்னோடது. அதுக்கு ஒரு நாளாவது ரெண்டு பேர்ல யாராவது விளக்கம் கேட்டோமா?"